மடியனின் அண்ணன்

1

எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாலும் அந்த ஊர்ப் பாஷையில் எனக்கு முதலில் தெரியவந்த சொல் ஒன்றுதான்: சோம்பேறி. பம்பாயில் கிடங்கு வேலை பார்த்தபோது மேஸ்திரி ‘ஆல்ஸி’ என்பான். குவைத்தில் கட்டட வேலையில் பாகிஸ்தான்காரப் போர்மேன் ‘சுஸ்த்’ என்பான். ஓமனுக்கு வந்த புதிதில் லாரி முதலாளி என்னை ‘கஸ்லான்’ என்று கூப்பிடுவார். அரபியில் அது ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டு, கூப்பிடும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடிப் போயிருக்கிறேன். தண்ணீர், சோறு, சம்பளம் என்ற சொற்களெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. அவற்றையெல்லாம் நாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திட்டு தானாகவே வந்து சேரும்.

இத்தனை பாஷையிலும் வாங்கிக்கட்டிய நான் உண்மையில் சோம்பேறி இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரயில் ஏறிய நாளிலிருந்து ஒரு பகல் நான் சும்மா இருந்ததாக நினைவில்லை. சோம்பேறி என்று ஊரே சேர்ந்து ஒத்துக்கொண்ட ஆள் எங்கள் வீட்டில் வேறொருவன் உண்டு. என் தம்பி தங்கமணி. அவனை யாரும் சோம்பேறி என்று திட்டியதில்லை. அவனுக்குக் கிடைத்தது வேறு சொல். மடியன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், திருவட்டாறு, குலசேகரம் வட்டாரத்தில் இந்தச் சொல் இன்றைக்கும் எல்லார் வாயிலும் உண்டு. “எனக்கு மடியா இருக்கு” என்றால் எழுந்திருக்க மனமில்லை, இப்போதைக்கு என்னை விடு என்று பொருள். ஆரல்வாய்மொழி தாண்டி வடக்கே போய்ச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. மடி என்றதும் அவர்கள் குழந்தையைப் படுக்கவைக்கும் மடியைத்தான் நினைக்கிறார்கள்.

இப்போது இதை எழுத உட்காரக் காரணம் என் மகள் அபிஷா. ஓமனில் நான் இப்போது இருக்கும் சலாலாவில் பிறந்து வளர்ந்தவள். நாகர்கோவில் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, படித்த காலமெல்லாம் தங்கியிருந்த தம்பி வீட்டிலேயே மேலும் தங்கிவிட்டாள். இந்த ஜூலையில், டிக்கெட் போடட்டுமா என்று கேட்டதற்கு அவளிடமிருந்து வாட்ஸாப்பில் ஒற்றை வரி பதில் வந்தது.

“இப்ப ஏறி வர எனக்கு மடியா இருக்குப்பா.”

இங்கே இருந்த காலத்தில் அவள் என்னை டாடி என்றுதான் கூப்பிடுவாள். அப்பா என்ற சொல்லையும் மடி என்ற சொல்லையும் அவளுக்குப் பழக்கியவன் யார் என்று எனக்குத் தெரியும்.

2

சோம்பலைச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஒரே சொல் இல்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு வருவது மந்தம். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு உடம்பு கேட்பது சடவு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்வது சோம்பல். மடி இவை எதிலும் சேராது. தின்றிருக்க வேண்டாம், களைத்திருக்க வேண்டாம், காரணமே வேண்டாம். காலையில் நன்றாக உறங்கி எழுந்தவனுக்கும் மடி வரும். வந்தால் அவன் அதைச் சொல்லலாம். சொன்னால் கேட்பவர் சிரிப்பார். என்னை ஆல்ஸி என்றவனும் கஸ்லான் என்றவனும் ஒருநாளும் சிரித்ததில்லை.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளக்கத் தெரியாது. மலையாளத்திலிருந்து நம் வாயில் ஒட்டிக்கொண்டது என்று ஊரில் பலர் சொல்வார்கள். இங்கே எனக்குப் பக்கத்துக் கடை மலையாளி, தையல்காரர், ‘மடி’ என்று அதே பொருளில் சொல்வதைத் தினமும் கேட்கிறேன். ஆனால் பழைய தமிழிலேயே இந்தச் சொல் இதே பொருளில் இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் தொலைத்துவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம் என்று எட்டாம் வகுப்பில் தமிழ் வாத்தியார் சொன்னது எனக்கு ஓர்மையில் நிற்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் கேட்டு மறக்காமல் போன சில விஷயங்களில் அது ஒன்று. அன்றைக்கும் அவர் உதாரணத்துக்குச் சுட்டிக்காட்டியது, வாசல் பக்கத்தில் ஆறாம் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்த என் தம்பியைத்தான். வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

போன தடவை லீவில் போயிருந்தபோது குலசேகரத்தில் ஒரு சாயாக்கடையில் இந்தப் பேச்சு வந்தது. மடிதல் என்றால் வளைதல், மடங்குதல். வேலை செய்ய வேண்டிய உடம்பு மடங்கிக் கிடப்பதால்தான் மடி என்று நான் சொன்னேன். எனக்கே தோன்றிய விளக்கம்தான். எதிர்ப் பெஞ்சில் இருந்த ரப்பர் வெட்டும் ஆள் ஒத்துக்கொள்ளவில்லை.

“அதெப்பிடி? வேட்டிய மடிச்சுக் கெட்டினவன்தானே வேலைக்கு எறங்குகான்? அவுத்து விட்டவன்தானே சும்மா நிக்கான்? அப்போ உமக்க கணக்கு தலைகீழால்ல இருக்கு?”

கடையே என்னைப் பார்த்தது. பெஞ்சில் கால் நீட்டிச் சாய்ந்திருந்த தங்கமணி கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

“மடிச்சுக் கெட்டவும் மடி வரும்லா, அதைச் சொல்லுகாரு அண்ணன்.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாயாவுக்கு நான்தான் கொடுத்தேன். பேரெடுத்தது அவன்.

3

சலாலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைகுடா என்றதும் ஊரில் இருப்பவர்கள் மணலையும் ஒட்டகத்தையும் நினைப்பார்கள். இங்கே தென்னை உண்டு, வாழை உண்டு, பப்பாளி உண்டு. ஜூன் கடைசியில் நம் மேற்குமலையில் சாரல் பிடிக்கிற அதே நேரம் இங்கேயும் சாரல் இறங்கும். பேச்சிப்பாறைப் பக்கம் மேகம் எப்படி மலையில் சாய்ந்து கிடக்குமோ, இங்கேயும் அதே மாதிரி கிடக்கும். அந்த மூன்று மாதமும் வளைகுடா முழுவதிலிருந்தும் ஆட்கள் காரில் வந்து குவிவார்கள். எதற்கு? சும்மா இருப்பதற்கு. புல்லில் கம்பளத்தை விரித்து, பிளாஸ்கில் சாயாவை வைத்துக்கொண்டு, நனைந்துகொண்டே குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். மடிக்கென்றே ஒரு காலம், அதற்கென்றே ஒரு மலை.

அவர்கள் சும்மா இருக்கும் மாதங்களில்தான் நாங்கள் ஓடுகிறோம். ரோட்டோரத்தில் ஓலை வேய்ந்த சிறு கடை என்னுடையது. இளநீர், வாழைக்குலை, பப்பாளி. இங்கே வாங்க வருபவர் காரைவிட்டு இறங்கமாட்டார். ஹார்ன் அடிப்பார். நாம் ஓடிப் போய்க் கண்ணாடியோரம் நின்று என்ன வேண்டும் என்று கேட்டு, திரும்ப ஓடி வந்து வெட்டி, மறுபடி ஓடிக் கொடுக்க வேண்டும். அதற்குள் இன்னொரு கார் ஹார்ன் அடிக்கும். சாரலில் தரை வழுக்கும். கையில் அரிவாள் இருக்கும். இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். அவ்வளவுதான், கை கால் எல்லாம் இருக்கிறது.

என் மனைவி லதா இங்கே தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவள் வேலையில்தான் எங்கள் குடும்ப விசா நிற்கிறது. அந்த விசாவில் ஒரு நிபந்தனை. ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் குடியிருப்பு அட்டை செத்துப்போகும். அபிஷா நாகர்கோவிலில் படித்த காலம் முழுக்க, ஒவ்வொரு விடுமுறைக்கும் அவளைத் திருவனந்தபுரத்தில் ஏற்றி, மஸ்கட் வழியாக இங்கே இறக்கி, அட்டையை உயிரோடு வைத்திருந்தோம். வந்து இறங்கியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, திரும்பிப் போகும் டிக்கெட் என்றைக்கு என்பது.

அதற்கு முன், இங்கே படித்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு வரும் நாட்களில் அவளைக் கடைக்கு அழைத்து வருவேன். காரிலேயே இருப்பாள். கூடப் படிக்கும் பிள்ளைகளின் கார் வந்து ஹார்ன் அடித்தால், தலையைக் குனிந்து இருக்கைக்குக் கீழே எதையோ தேடுவாள். நான் அந்தக் காருக்கு ஓடுவேன். பெண் பிள்ளை, அந்த வயதில் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் ஆறு மாதம் முடிவது ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். அதற்குள் அவள் வந்தாக வேண்டும். மஸ்கட்டில் தெரிந்தவர் மூலமாக ஓர் அலுவலகத்தில் வேலைக்கும் சொல்லிவைத்திருந்தேன். அட்டை இருந்தால்தான் அந்த வேலை.

4

தம்பியின் தொழில் என்ன என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். மரக்கன்று வளர்ப்பது. பலா, ஜாதிக்காய், கிராம்பு, மாமரம். ஒட்டுக் கட்டி, கன்றின் மேல் பாலித்தீன் உறையைக் கவிழ்த்துவிட்டால், உள்ளே ஈரம் நிற்க வேண்டும் என்பதற்காகப் பிறகு யாரும் தொடக் கூடாது. பல வாரம் தொடாமல் இருப்பதுதான் வேலை. தங்கமணிக்கென்றே யாரோ யோசித்து உண்டாக்கிக் கொடுத்த தொழில் என்று நினைப்பேன்.

ஒரு லீவில் எனக்குப் பொழுது போகவில்லை. தினமும் காலையில் தோட்டத்துக்குப் போய், துளிர்த்திருக்கிறதா என்று உறையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒரு வரிசை முழுக்கக் கருகிப்போயிற்று. அவன் வந்து நின்று பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

“அண்ணே, லீவுக்கு வந்தா லீவு எடு” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஷெட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

அவனுக்கு எல்லாம் படுத்த இடத்தில் வந்தது. அப்பாவின் நிலத்தைப் பிரித்தபோது என் பங்கை விற்றுத்தான் குவைத்துக்கு விசா எடுத்தேன். அவனுக்கு விற்க மடி. பத்திர ஆபீசுக்கு யார் போவது என்று அப்படியே போட்டுவிட்டான். பிறகு அதன் ஓரமாக ரோடு வந்தது. அம்மா கடைசி மாதங்களில் அவன் கையால் கொடுத்தால் மட்டும்தான் கஞ்சி குடித்தாளாம். எழுந்து போக மடித்து அவள் கட்டில் காலடியிலேயே கிடந்தான், அதனால் கிடைத்த பேர் என்று லதாவிடம் சொல்வேன். அப்படிச் சொன்னபோதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவனுக்கும் அவன் மனைவி விமலாவுக்கும் பிள்ளை இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மற்ற எல்லாவற்றிலும் அவன் முந்திக்கொண்டபோது, இந்த ஒன்று என் பக்கத்தில் இருக்கிறது என்று நான் நினைத்ததுண்டு.

5

ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் வாவுபலிச் சந்தை நடக்கும். ஆற்றில் இறங்கி முன்னோருக்குப் பிண்டம் வைத்துப் பலி போட்டுவிட்டு, கரையேறி வருபவர்கள் ஆளுக்கொரு மரக்கன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். செத்தவர்களுக்குச் செய்துவிட்டு வெறுங்கையோடு போகமாட்டார்கள். வருடம் முழுக்கப் படுத்துக் கிடக்கும் தங்கமணி, அந்தச் சில நாட்கள் மட்டும் அங்கே கன்றுக் கடை போடுவான்.

டிக்கெட் போட்டேன். அவளைக் கேட்டுக்கொண்டிருந்தால் நடக்காது என்று போட்டுவிட்டுத்தான் சொன்னேன். ஆறு மாதம் முடியும் அன்றைக்கே காலை விமானம். தம்பியைக் கூப்பிட்டுப் பலதடவை சொன்னேன், வண்டி வேறு ஏற்பாடு செய்ய வேண்டாம், நீயே கூட்டிக்கொண்டு போய் ஏற்றி விடு என்று. “சரி அண்ணே” என்றான். அவன் சரி என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். லதாவையும் விட்டுச் சொல்ல வைத்தேன்.

அன்று காலையில் சாரல் பலமாக இருந்தது. கடையில் ஒரே ஹார்ன். விமானம் கிளம்பியிருக்கும் நேரத்துக்கு அவளைக் கூப்பிட்டேன், போனை அணைத்து வைத்திருப்பாள் என்ற நம்பிக்கையில். மணி அடித்தது. வீடியோவில் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் பலாக்கன்று வரிசை, குடை, சேறு, ஆட்கள். குழித்துறை.

நான் வாயைத் திறப்பதற்குள், “அப்பா, இரிங்க, ஒரு ஆளு நிக்காரு” என்றாள். போனை எதன் மேலோ சாய்த்து வைத்தாள். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காலில் முழங்கால் வரை சேறு. ஈர வேட்டியோடு ஒரு பெரியவர் ஒரு பலாக்கன்றைக் காட்டிக்கொண்டு எதிரில் நின்றார்.

“இது நல்ல வருக்கைச் சக்கையாக்கும் அண்ணாச்சி. கொண்டு போய் நட்டுட்டு மறந்திருங்க. தன்னால காய்க்கும்.”

“காய்ச்சில்லேன்னா?”

“காய்ச்சில்லேன்னா பிடுங்கிக் கொண்டு வந்து எனக்க சித்தப்பாவுக்க தலையில போடுங்க. அவரு எங்கயும் ஓடமாட்டாரு. ஓட மடி.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “ஏட்டி!” என்று பின்னாலிருந்து தம்பியின் குரல். பெரியவர் இரண்டு கன்று வாங்கினார். வாங்கிய பிறகும் போகாமல், பக்கத்தில் கிடந்த இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்து, “பிள்ளை யாருக்க மோளு?” என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவள் என் பெயரைச் சொன்னாள். அவருக்கு என்னைத் தெரியவில்லை. “மடியனுக்க அண்ணனுக்க மோளு” என்று யாரோ சொன்னதும் தெரிந்துவிட்டது.

அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. சலாலாவில் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட, ஒரு இளநீரைக்கூட அவள் அப்படி விற்றதில்லை. விமானம் போனது, அட்டை போகப்போவது எல்லாம் அப்புறம். எனக்கு முதலில் வந்த கேள்வி இதுதான்.

“இங்க நம்ம கடையில ஒரு நாளாவது இப்பிடி நின்னிருக்கியா நீ?”

அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தைவிட்டுத் தள்ளி வந்தாள்.

“நம்ம கடையில இரிக்க ஒரு ஸ்டூல் உண்டாப்பா?”

“ஸ்டூல் என்னத்துக்கு? வண்டிக்காரன் ஹார்ன் அடிச்சா ஓடணும்.”

“அதுதான் கேட்டேன்.”

“ஓடித்தான் உன்னைப் படிக்க வச்சேன்.”

“தெரியும்ப்பா. நீங்க ஓடுகதைக் காருக்குள்ள இருந்து பாத்துட்டே வளந்தவதான் நான். பாக்க முடியாமத்தான் தலையக் குனிஞ்சுக்குவேன். இங்க ஆளுவ வந்து இருந்து பேசிட்டுத்தான் வாங்குகாவ. நானும் இருந்து பேசுகேன். எனக்கு இது பிடிச்சிருக்கு. மஸ்கட் வேலை வேண்டாம்ப்பா.”

தம்பியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். கையில் இருந்த அரிவாளைக் கீழே வைத்தேன் என்பதுவரை நினைவிருக்கிறது.

“லே தங்கமணி, எழுந்திரிக்க மடிச்சுதானே என் பிள்ளைய ஏத்தி விடாம இருந்த?”

“இல்லண்ணே. நான் விடியக்காலத்திலயே எழும்பினேன். விமலாட்ட வேணும்னா கேளு, அவளே பயந்துபோனா. காரைக் கொண்டு முற்றத்தில நிறுத்தினேன். பெட்டிய ஏத்தினேன். உனக்க மோளு எறக்கி வச்சா. நான் திருப்பி ஏத்தினேன். அவ திருப்பி எறக்கினா. மூணாவது தடவை ஏத்த எனக்கு…”

“மடி.”

“பின்னே.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அதனாலேயே கோபம் கூடியது. “நான் ஓடி ஓடி உண்டாக்கினதை எல்லாம் நீ படுத்த படுக்கையில இருந்தே எடுத்துக்கிட்ட. நிலம் உனக்கு. அம்மா உனக்கு. இப்ப பிள்ளையும் உனக்கு. நீ ஜெயிச்சுட்டலே.”

அவன் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது. பிறகு சொன்னான்:

“அண்ணே, எனக்கு ஜெயிக்கவும் மடிதான். பிள்ளை இங்க இருக்குன்னு சொல்லுகு. நான் போன்னும் சொல்ல மாட்டேன், இருன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அம்மைக்குப் பலி போடணும். உனக்க பேரையும் சேத்துச் சொல்லுவேன். எல்லா வருசமும் சொல்லுகதுதான். சாரல் பலமா இருக்கு, பைய ஓடு.”

எல்லா வருடமும் சொல்கிறான் என்பது எனக்கு இதுவரை தெரியாது. இதுவும் அவன் என்னை முந்திய ஒரு விஷயம்தான்.

6

அட்டை செத்த பிறகு அதை முறைப்படி ரத்து செய்ய வேண்டும். லதாவும் நானும் போனோம். கவுண்டரில் இருந்த ஓமனிப் பையன் மரியாதையானவன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, மகள் எங்கே என்று கேட்டான். இந்தியாவில் என்றேன். ஏன் வரவில்லை, கல்யாணமா, மேற்படிப்பா, உடம்பு சரியில்லையா என்றான். எனக்குத் தெரிந்த அரபி இளநீர் விற்க மட்டும் போதும். பிள்ளை எங்கள் ஊர்ச் சந்தையில் ஸ்டூலில் உட்கார்ந்து பலாக்கன்று விற்கிறாள், அது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லச் சொல் இல்லை. தேடிப் பார்த்தேன். கையில் அகப்பட்டது, இந்த நாட்டில் நான் முதலில் கற்ற சொல்தான், பெண்பாலில்.

“கஸ்லானா.”

அவன் சிரித்துவிட்டான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று சொல்லி, அட்டையின் நகலை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டான். வேலை முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் லதா நின்றாள்.

“எனக்க மோளைச் சோம்பேறின்னு கவர்மென்டுகிட்டப் போய்ச் சொல்லியாச்சு. சந்தோசமா?”

நான் மடி என்ற பொருளில்தான் சொன்னேன் என்றேன். “அது அவனுக்குத் தெரியுமா?” என்றாள். தெரியாது. அவள் டூட்டிக்குப் போய்விட்டாள். நான் கடைக்கு வந்தேன்.

அன்றைய போனுக்குப் பிறகு அபிஷாவிடம் நான் பேசவில்லை. கோபம் என்று அவள் நினைத்திருப்பாள். கோபம் இருந்தால் இரண்டு வார்த்தை சத்தம் போட்டு முடித்திருப்பேன். அவளை எண்ணும்போதெல்லாம் அந்த ஸ்டூலும், கூட்டத்தின் சிரிப்பும், “ஏட்டி” என்று பின்னாலிருந்து கேட்ட குரலும் சேர்ந்தே வந்தன. அப்படிக் கூப்பிட எனக்கும் தெரியும். கூப்பிடும் தூரத்தில் நான் இல்லை.

சந்தை முடிந்ததற்கு மறுநாள் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கடையில் இரண்டு கார் நின்றுகொண்டிருந்தன. ஓலைக்குப் பின்னால் ஒதுங்கிக் காதில் வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று சத்தத்தைக் கூட்டினேன். அவள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, கோவம் போச்சா? அட்டை ரத்தான விசயத்த அம்மா சொன்னாவ. நீங்க எந்த லீவுக்கு வாறீங்கன்னு சொல்லுங்க, நான் ஏர்ப்போட்டுக்கு வாறேன். நானே கார் ஓட்டிட்டு வருவேன், படிச்சுட்டேன். கன்னு எல்லாம் வித்துப்போச்சு. நாளைக்குப் புது ஒட்டு கெட்டணும். பைய பேசுகேன்னு நினைக்காதீங்க, சித்தப்பா இங்க பெஞ்சில உறங்குகாரு, அதான்.”

பின்னால் தம்பியின் குறட்டை கேட்டது. நல்ல பகல் நேரம். எங்கேயோ ஒரு பாத்திரம் உருண்டது. உடனே என் மகள், “சித்தி, பைய, பைய!” என்று பதறி அடக்கினாள்.

பம்பாயில் மாடிப்படிக்கு அடியில் உறங்கினேன். குவைத்தில் ஓர் அறையில் மூன்று ஷிப்ட்காரர்களோடு உறங்கினேன். எனக்கு இரவு ஆனபோது அவர்களுக்குப் பகல், விளக்கும் ரேடியோவும் அணைந்ததே இல்லை. லாரிக்குள், கடைக்குப் பின்னால், மருத்துவமனைக் குடியிருப்பில் பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, எங்கெல்லாமோ உறங்கியிருக்கிறேன். எழுப்பாத ஆள் கிடையாது.

நான் உறங்குகிறேன் என்பதற்காக ஒருவர்கூடக் குரலைத் தாழ்த்தியதில்லை.

பதிவை முதலிலிருந்து மறுபடி கேட்டேன்.